முற்பணம் இலாபமல்ல: பின்போல் இயந்திரத் தொழில் தரும் பாடம்

ஒரு பொருளைச் செய்து முடிப்பதற்கு முன்னரே அதற்கான காசு கைக்கு வந்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்துவிட்டது என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் வியாபாரம் அப்போதுதான் ஆரம்பமாகின்றது. இதனை விளங்கிக்கொள்வதற்கு, ஊவாவில் எவரும் தயாரிக்காத, நமது வாசகர்களில் பெரும்பாலானோர் படத்தில் மட்டுமே கண்டிருக்கக்கூடிய ஒரு பொருளின் கதை உதவும். அதுதான் பின்போல் இயந்திரம்.

ஆணிகள் அடித்த பலகையில் குண்டை உருட்டி விளையாடும் சிறுபிள்ளைகளின் விளையாட்டுப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பெரிய மின்சார வடிவமே பின்போல். நான்கு கால்களின் மேல் சாய்வாக நிற்கும், கண்ணாடியால் மூடிய பெட்டி. அதனுள் ஓர் உருக்குக் குண்டு ஓடும். பெட்டியின் இரு பக்கங்களிலும் உள்ள பொத்தான்களை அழுத்தினால் கீழேயுள்ள இரண்டு சிறு துடுப்புகள் அடித்து, குண்டு விழுந்துவிடாமல் மேலே அனுப்பும். குண்டு படும் இடங்களுக்கு ஏற்பப் புள்ளிகள் ஏறும். விளையாட்டு இவ்வளவுதான். ஆனால் ஓர் இயந்திரத்தினுள் சுமார் 3,500 உதிரிப்பாகங்களும் ஏறக்குறைய அரை மைல் நீளமான வயரும் இருக்கின்றன. நிறை 100 கிலோவைத் தாண்டும்.

1999ஆம் ஆண்டின் இறுதியில் உலகில் இதனைப் பெருமளவில் தயாரிக்கும் கொம்பனியாக ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது. அது அமெரிக்காவின் சிக்காகோ நகரை அண்டிய ஸ்டேர்ன் பின்போல். 2011இற்குப் பின்னர் புதிய தயாரிப்பாளர்கள் ஒருவர்பின் ஒருவராகக் களமிறங்கினர். அவர்களில் சிலர் இன்றும் நிலைத்திருக்கின்றனர். சிலர் வாடிக்கையாளரின் முற்பணத்துடன் மூழ்கிப்போயினர். மூழ்கியவர்களுக்குப் பொருள் செய்யத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. விற்பனை நின்றுபோனதும் முதற் காரணமல்ல. செய்துகொடுக்கும் சக்திக்கு மேல் விற்றதுதான் பலரை வீழ்த்தியது.

பேரகலையிலிருந்து வெல்லவாய செல்லும் வீதியில் கொஸ்லந்தவில் கடை வைத்திருப்பவருக்கு இந்தக் கதை எதற்கு என்று கேட்கலாம். கலியாணத்துக்கு அலுமாரியும் கட்டிலும் செய்து தருவதாக அட்வான்ஸ் எடுக்கும் தளபாடக் கடைக்காரர், ஜனவரிக்கு முன்னர் பாடசாலைச் சீருடைக்கு ஓடர் எடுக்கும் தையற்காரர், வாடிக்கையாளரின் காசைக் கொண்டு கொழும்பிலிருந்து சாமான் இறக்கும் மின்சாதனக் கடைக்காரர் ஆகிய எல்லோரும் செய்வது இதே வியாபாரம்தான்.

பதினேழரை டொலரில் ஆரம்பித்த தொழில்

1931ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்தவேளை, சிக்காகோவின் டேவிட் கொட்லீப் என்பவர் 'பெபிள் போல்' என்ற மேசை விளையாட்டைச் சந்தைக்கு விட்டார். விலை 17.50 டொலர். கடை மேசையின் மேல் வைத்துவிட்டால், ஒரு சதத்தைப் போட்டு விளையாட ஆட்கள் வந்தனர். வேலை இல்லாத காலத்தில் மலிவான பொழுதுபோக்கு; கடைக்காரருக்குப் புதிய வருமானம். இயந்திரத்துக்குப் போட்ட காசு விரைவில் திரும்பி வந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. அப்போது இத்தகைய இயந்திரங்களை வாங்கி விற்றுவந்த ரேமண்ட் மொலோனி என்பவருக்கு, தன் வாடிக்கையாளர் கேட்ட அளவுக்குச் சரக்குக் கிடைக்கவில்லை. அவர் தாமே தயாரிப்பில் இறங்கி 1932இல் 'பெலிஹூ' என்ற இயந்திரத்தை வெளியிட்டார். ஏழு மாதங்களில் 50,000 விற்பனையாகின. பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற பெலி கொம்பனி இப்படித்தான் பிறந்தது. கேள்வி இருந்தும் சரக்குக் கொடுக்க முடியாதபோது, நமது விற்பனையாளரே நமது போட்டியாளராக மாறுவார் என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

இது சூதாட்டமா?

நமது வாசகர்கள் முதலில் கேட்கக்கூடிய கேள்வி இதுதான். அமெரிக்கர்களும் இதையே கேட்டனர். ஆரம்ப கால இயந்திரங்களில் துடுப்புகள் இருக்கவில்லை. குண்டு எங்கே விழும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்திருந்தது. சில இயந்திரங்கள் வென்றவருக்குக் காசும் கொடுத்தன. 1942இல் நியூயோர்க் நகரம் பின்போலைத் தடை செய்தது. அன்றைய மேயர் லகார்டியா இயந்திரங்களைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கும் படங்கள் பத்திரிகைகளில் வெளியாகின. இயந்திரங்கள் தயாரிக்கப்பட்ட சிக்காகோ நகரிலேயே நீண்ட காலம் தடை இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1947இல் துடுப்புகள் அறிமுகமான பின்னர் விளையாட்டு மாறியது. குண்டைக் கட்டுப்படுத்துவது விளையாடுபவரின் கைத்திறன் என்றானது. எனினும் நியூயோர்க்கில் தடை நீங்க 1976 வரை செல்ல வேண்டியிருந்தது. அவ்வருடம் ரொஜர் ஷார்ப் என்ற எழுத்தாளர் மாநகர அதிகாரிகள் முன்னிலையில் விளையாடிக் காட்டினார். குண்டு எந்த வழியால் போகும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடியே அடித்தும் காட்டினார். அதன் பின்னரே தடை நீங்கியது.

ஒரு பொருளைப் பற்றி மக்கள் மனதில் சந்தேகம் இருக்குமானால், எவ்வளவு விளம்பரம் செய்தும் பயனில்லை. சந்தேகத்தைக் கண்முன்னே தீர்த்துவைக்க வேண்டும். பின்போல் தொழிலுக்கு அதற்கு 34 வருடங்கள் பிடித்தன.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1992இல் வெளிவந்த 'அடம்ஸ் பெமிலி' என்ற இயந்திரம் 20,000இற்கும் அதிகமாக விற்பனையானது. அதனைத் தயாரித்த வில்லியம்ஸ் குழுமம் 1999 ஒக்டோபரில் பின்போல் பிரிவையே மூடிவிட்டது. காசு வைத்து ஆடும் கெசினோ இயந்திரங்களில் அதற்குக் கூடுதல் இலாபம் கிடைத்ததே முக்கிய காரணம். சூதாட்டம் என்று ஒருகாலத்தில் தடை செய்யப்பட்ட பொருள், உண்மையான சூதாட்ட இயந்திரத்துக்கே இடம்விட்டு ஒதுங்கியது.

வாங்குபவர் மாறிவிட்டார்

முன்பு பின்போல் இயந்திரத்தை வாங்கியவர் ஒரு வியாபாரி. தேநீர்க் கடையிலோ விளையாட்டு மண்டபத்திலோ வைத்து, சில்லறை சேர்த்து, போட்ட முதலை எடுப்பார். அவருக்கு வேண்டியது கணக்கு: எவ்வளவு போட்டால் எத்தனை மாதத்தில் எவ்வளவு வரும்?

இன்று வாங்குபவர்களில் பெரும் பங்கினர் வசதியுள்ள வீட்டுக்காரர்கள். சிறு வயதில் விளையாடிய ஞாபகத்துக்காக வீட்டில் வைக்கின்றனர். அவர்களுக்கு வேண்டியது கணக்கல்ல. ஆசை, அழகு, அயலவரிடம் இல்லாத ஒன்று. ஆகவே ஸ்டேர்ன் கொம்பனி ஒரே விளையாட்டைச் சாதாரணம், உயர்தரம், மட்டுப்படுத்தப்பட்ட எண்ணிக்கை என மூன்று தரங்களில் விற்கின்றது. சாதாரண இயந்திரம் ஏறக்குறைய 7,000 டொலர். மேல்தரம் 10,000 டொலரைத் தாண்டும். கார் வாங்கும் காசு.

இங்கேதான் புதிய தயாரிப்பாளரின் முதற் சிக்கல் எழுகின்றது. இவ்வளவு விலை கொடுப்பவர் முதலில் விளையாடிப் பார்க்க விரும்புவார். பழைய கொம்பனியின் இயந்திரங்கள் நாடெங்கும் கடைகளிலும் மண்டபங்களிலும் நிற்கின்றன. அவையே அதன் விளம்பரப் பலகைகள். புதியவரிடம் இருப்பது ஒன்றிரண்டு மாதிரி இயந்திரங்கள் மட்டுமே. அவற்றை லொறியில் ஏற்றி, 1985 முதல் சிக்காகோவில் நடைபெற்றுவரும் பின்போல் கண்காட்சி போன்ற இடங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கண்காட்சியில் ஒரு துடுப்பு வேலை செய்யாது போனால் அந்தச் செய்தி அன்று மாலையே எல்லோரிடமும் போய்ச் சேர்ந்துவிடும்.

அறிவிப்பு முந்தியது, பொருள் பிந்தியது

இரண்டாவது சிக்கல் செய்தி பற்றியது. எப்போது அறிவிப்பது? முன்கூட்டி அறிவித்தால் முற்பணம் வரும். அந்தப் பணம் இல்லாமல் அச்சுகளும் உதிரிப்பாகங்களும் வாங்க முடியாது. ஆனால் அறிவித்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

நியூ ஜேர்சி மாநிலத்தில் ஆரம்பிக்கப்பட்ட ஜேர்சி ஜெக் பின்போல் 2011இல் 'விஸர்ட் ஒப் ஒஸ்' என்ற இயந்திரத்தை அறிவித்து, 6,500 டொலர் ஆரம்ப விலையில் ஓடர் எடுத்தது. இயந்திரங்கள் வெளியே வரத் தொடங்கியது 2013இல். வாங்கியவர்கள் ஏறக்குறைய 2 வருடங்கள் பொறுத்திருந்தனர். பொறுமை சோதிக்கப்பட்டது உண்மை. ஆயினும் பொருள் வந்தது, கொம்பனியும் நிலைத்தது.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. நெதர்லாந்தின் டச் பின்போல் 2014இல் அறிவித்த இயந்திரத்தைத் தயாரிக்க வேறொரு தொழிற்சாலையை நம்பியிருந்தது. காசு விடயத்தில் இரு தரப்பினருக்கும் தகராறு ஏற்படவே, செய்து முடித்த இயந்திரங்களையே தொழிற்சாலை கொடுக்காமல் தடுத்து வைத்தது. முழுப் பணம் கட்டியவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தனர். பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் இயங்கிய ஹைவே பின்போல் 2018இல் மூடப்பட்டது. முற்பணம் கட்டிய பலருக்குக் காசும் இல்லை, இயந்திரமும் இல்லை.

டெக்ஸாஸின் டீப்ரூட் விவகாரம் இவற்றிலும் பாரதூரமானது. அங்கே பின்போலுக்குச் செலவானது வாடிக்கையாளரின் அட்வான்ஸ் அல்ல, முதலீட்டாளரின் பணம். அந்நிறுவனத்தின் தலைவர் வேறு முதலீட்டுத் திட்டங்களின் பெயரால் நூற்றுக்கணக்கானோரிடம் சுமார் 58 மில்லியன் டொலர் திரட்டி, அதில் ஒரு பகுதியைப் பின்போல் உள்ளிட்ட தமது ஏனைய வியாபாரங்களுக்கும் சொந்தச் செலவுக்கும் திருப்பினார் எனக் குற்றஞ்சாட்டி, அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு 2021 ஓகஸ்ட்டில் வழக்குத் தொடர்ந்தது.

முற்பணத்தை நம்பும் வியாபாரம் எளிதில் விழக்கூடிய கணக்குப் பிழை ஒன்று உண்டு. முதலாவது ஓடருக்கு வந்த காசில் கட்டட வாடகையும் சம்பளமும் கண்காட்சிச் செலவும் போய்விடும். முதலாவது ஓடரைச் செய்து முடிக்க இரண்டாவது ஓடரின் காசு தேவைப்படும். இரண்டாவது ஓடருக்காக இன்னொரு புதிய பெயரை அறிவிக்க வேண்டிவரும். புதிய ஓடர் வருவது நிற்கும் நாளில் எல்லாம் நின்றுபோகும்.

பெயருக்கும் விலை உண்டு

மூன்றாவது சிக்கல் பெயர். புகழ்பெற்ற சினிமாவின் பெயரையும் படத்தையும் போட்டால் இயந்திரம் விற்கும். ஆனால் அதற்கு உரிமையாளரிடம் உரிமம் பெற வேண்டும். கட்டணம் செலுத்த வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் குரலுக்கும் அவரது அங்கீகாரம் வேண்டும். இதனால் மாதங்கள் கடந்துபோகும்.

மிச்சிகன் மாநிலத்தின் ஸ்கிட்-பி என்ற சிறு நிறுவனம் 'பிரெடேட்டர்' என்ற சினிமாவின் பெயரில் 250 இயந்திரங்கள் செய்வதாக அறிவித்து முற்பணம் எடுத்தது. அந்தப் பெயரைப் பயன்படுத்த அதனிடம் உரிமமே இருக்கவில்லை என்பது 2015இல் அம்பலமானது. கதை அத்துடன் முடிந்தது. தன்னுடையதல்லாத ஒன்றை விற்றதன் விளைவு அது.

இதே காலப்பகுதியில் ஆரம்பமான அமெரிக்கன் பின்போல் நமக்குச் சற்று அண்மையானது. இந்திய வம்சாவளிக் குடும்பமொன்றுக்குச் சொந்தமான, மின்னணுச் சுற்றுப் பலகைகளைச் செய்யும் ஏம்ட்ரோன் குழுமத்துடன் தொடர்புடைய நிறுவனம் இது. அக்குழுமத்துக்குக் குஜராத்தின் வடோதராவிலும் தொழிற்சாலை உண்டு. இயந்திரத்தின் மூளையான மின்னணுப் பாகத்தைத் தாமே செய்யக்கூடிய பலம் அவர்களிடம் இருந்தது. முதலாவது இயந்திரத்துக்கு, 1926இல் காலமான மாயவித்தைக்காரர் ஹூடினியின் பெயரைத் தெரிவுசெய்து 2017இல் வெளியிட்டனர். அடுத்தது ஜேர்மனியின் ஒரு திருவிழாவின் பெயர். சினிமாப் பெயர்களுக்கு நிகரான இழுவை இத்தகைய பெயர்களுக்கு இருப்பதில்லை. 2020இல் அவர்களும் புகழ்பெற்ற விளையாட்டுக் கார் வகையான 'ஹொட் வீல்ஸ்' பெயருக்கு வந்தனர். நல்ல பொருள் செய்வது ஒரு திறமை. வாங்குபவர் மனதில் ஏற்கனவே இருக்கும் பெயரைப் பிடிப்பது இன்னொரு திறமை.

கார்ட்டூன் பாத்திரங்களின் படம் பதித்த பாடசாலைப் பைகளையும் டீ-சேட்டுகளையும் விற்கும் நமது கடைக்காரர்களும் இதனைச் சிந்திக்க வேண்டும். இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

அளந்து அறிவித்தவர்

விஸ்கொன்சின் மாநிலத்தின் பென்டன் ஒரு சிறு கிராமம். அங்கே ஒரு குடும்பம் நடத்தும் ஸ்பூக்கி பின்போல், 2013இல் தனது முதலாவது இயந்திரத்தை அறிவித்தது. உரிமக் கட்டணம் தேவைப்படாத சொந்தக் கற்பனை விளையாட்டு அது. எத்தனை செய்வோம் என்று முதலிலேயே சொன்னார்கள்: 150. அதற்கு மேல் இல்லை. அந்த 150ஐயும் செய்து கொடுத்தார்கள். பின்னர் 300, பின்னர் 500 அளவில் என்று படிப்படியாக ஏறினார்கள். 2020 ஜனவரியில் 'ரிக் அண்ட் மோர்ட்டி' என்ற இயந்திரத்தை அறிவித்தபோது 750 இயந்திரங்களும் சில மணித்தியாலங்களில் விற்றுத் தீர்ந்தன.

ஸ்பூக்கியும் முற்பணம் எடுத்ததுதான். ஆனால் கேட்பவர் எத்தனை பேர் என்று பார்த்து எண்ணிக்கையைக் கூட்டவில்லை. தன்னால் எத்தனை செய்ய முடியும் என்று பார்த்தே எண்ணிக்கையை அறிவித்தது. குறைந்த எண்ணிக்கை பொருளின் மதிப்பையும் உயர்த்தியது. சொன்னபடி கொடுத்த முதல் 150 இயந்திரங்களே, 750ஐ விற்றுக்கொடுத்த விளம்பரம்.

நமது கடைத்தெருவுக்கு வருவோம்

220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளை நம்பி, கொஸ்லந்தவைச் சுற்றித் தங்குமிடங்களும் உணவகங்களும் நடத்துவோர் இருக்கின்றனர். அவர்களில் யாராவது ஒரு பழைய பின்போலை இறக்கி முன்மண்டபத்தில் வைக்கலாமே என்று எண்ணினால், முதலில் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. அமெரிக்க வீடுகளுக்கென வந்த இயந்திரம் 110 வோல்ட்டுக்கு உரியது. நமது மின்சாரம் 230 வோல்ட். பனியும் ஈரமும் சேர்ந்த மலைக் காற்றில் பலகை ஊதும், தொடுகைகள் துருப்பிடிக்கும். இறப்பர் வளையமும் கொயிலும் தேய்ந்தால் உதிரிப்பாகம் எங்கிருந்து வரும்? திருத்த யார் வருவார்? இவற்றுக்கு விடை இல்லாவிட்டால், நல்ல கெரம் போட் ஒன்று கூடுதல் இலாபம் தரும்.

பெரிய விடயம் அட்வான்ஸ் பற்றியது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாய், மகளின் கலியாண அலுமாரிக்காகச் சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கட்டும் காசும், அமெரிக்கச் செல்வந்தர் விளையாட்டு இயந்திரத்துக்குக் கட்டும் 6,500 டொலரும் கடைக்காரரின் லாச்சியில் ஒன்றுபோலத்தான் கிடக்கும். ஆனால் செல்வந்தர் இழந்தால் ஒரு பொழுதுபோக்கு போகும். இந்தத் தாய் இழந்தால் ஒரு கலியாணமே குழம்பும். அந்தக் காசை எடுத்து அடுத்த லொறிச் சரக்குக்குப் போடும்போது இந்த வித்தியாசத்தை நினைவில் வைக்க வேண்டும்.

2022இல் நாம் கண்டது இன்னும் மறக்கவில்லை. மார்ச் ஆரம்பத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பழைய விலைக்கு ஓடர் எடுத்து, சாமானை வாங்கி வைக்காதவர்கள் தமது கையிலிருந்து போட வேண்டியதாயிற்று. அல்லது வாடிக்கையாளரிடம் முகம் கொடுக்க முடியாது போயிற்று. வீதியும் அப்படித்தான். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையை மூடிய மண்சரிவையும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்துக்குச் செய்ததையும் கண்ட நாம், மழைக் காலத்தில் "வெள்ளிக்கிழமை கட்டாயம் தருவேன்" என்று சொல்லும்போது வீதி மூடப்படும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

முற்பண வியாபாரத்தின் ஒழுங்கு நமது வாசகர்களுக்குப் புதியதன்று. ஸலம் முறையில் முழு விலையும் முதலில் கொடுக்கப்படும். ஆகவே பொருளின் அளவு, தரம், கொடுக்கும் தவணை ஆகியன தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். செய்வித்து வாங்கும் இஸ்திஸ்னா முறையிலும் பொருளின் விபரம் மயக்கமின்றி இருக்க வேண்டும். மூழ்கிப்போன பின்போல் கொம்பனிகள் பெரும்பாலும் தவறியது இந்த இடங்களில்தான்.

ஆகவே ஓடர் எடுக்கும் சகோதரர்கள் சில விடயங்களைப் பழக்கமாக்கிக்கொள்வது நன்று.

வாடிக்கையாளரின் முற்பணத்தைக் கடைக் காசுடன் கலக்காமல் வேறு கணக்கில் அல்லது வேறு கொப்பியில் வையுங்கள். மரமோ துணியோ, அந்த ஓடருக்குரிய மூலப்பொருளை அந்தக் காசிலேயே முதலில் வாங்கிவிடுங்கள்.

ஒரு மாதத்தில் 6 அலுமாரி செய்ய முடியுமானால் 6 ஓடருடன் நிறுத்துங்கள். ஏழாவது ஆளிடம் அடுத்த மாதத் திகதியைச் சொல்லுங்கள். காத்திருக்க விருப்பமுள்ளவர் காத்திருப்பார்; காத்திருக்கும் ஆளே உங்கள் விளம்பரம்.

பற்றுச்சீட்டில் விலை, அளவு, மரத்தின் வகை, கொடுக்கும் திகதி ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். கேட்கும் பாவனையாளருக்குப் பற்றுச்சீட்டு வழங்குவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி வியாபாரியின் கடமையுமாகும்.

தாமதம் ஏற்படும் என்று தெரிந்தால், திகதி வருவதற்கு முன்னர் நீங்களே சொல்லியனுப்புங்கள். திகதி கடந்த பின்னர் அவர் கடை தேடி வந்து கேட்பதற்கும், முன்னரே நீங்கள் சொல்வதற்கும் இடையிலான வித்தியாசம் மிகப் பெரியது. 2 வருடம் பொறுத்த வாடிக்கையாளர்கள் உலகில் இருக்கின்றனர். பதில் இல்லாத தொலைபேசியை இரண்டு வாரம் பொறுப்பவர் எவருமில்லை.

சிக்காகோவிலும் கொஸ்லந்தவிலும் வியாபாரத்தின் விதி ஒன்றுதான். பொருளைக் கையில் கொடுத்து, வாடிக்கையாளர் திருப்தியுடன் வாசலைத் தாண்டும் வரை அந்தக் காசு அவருடைய அமானிதம். அதன் பிறகு மிஞ்சுவதே நமது இலாபம்.